நீதிபதியாக இருந்தவர் எழுத்தரான கதை: கிருஷ்ணகிரியிலிருந்து பார்க்கும்போது

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என் அக்கா மகள் சட்டம் படிக்கிறாள். தினமும் காலையில் பஸ் ஏறி தர்மபுரி அரசு சட்டக் கல்லூரிக்குப் போய் சாயங்காலம் திரும்புகிறாள். 2017இல் அந்தக் கல்லூரி தொடங்கியிருக்காவிட்டால் அவள் இந்தப் படிப்பில் சேர்ந்தே இருக்க மாட்டாள். சென்னையிலோ பெங்களூரிலோ ஹாஸ்டலில் விட்டுப் படிக்கவைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வந்திருக்காது. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்றதும் எதிர்ப்பு கரைந்துவிட்டது. பெண்பிள்ளை படிப்பதை இன்று எங்கள் முஸ்லிம் சமுதாயத்தில் பெரிதாக யாரும் தடுப்பதில்லை. கல்யாணத்துக்கும் பெருநாளுக்கும் வருகிற உறவுக்காரர்கள் கேட்பது வேறு: "முடிச்சிட்டு என்ன செய்வா?"

கேட்பவர்கள் மனதில் கெடுதல் கிடையாது. டீச்சர் என்றால் பள்ளிக்கூடம், டாக்டர் என்றால் ஆஸ்பத்திரி. போகிற இடம் கண்ணுக்குத் தெரிகிறது. வக்கீல் என்றால் கோர்ட் வளாகம், கறுப்புக் கோட்டு போட்ட ஆண்கள் கூட்டம், அடுத்த வீட்டுச் சண்டையைச் சத்தமாகப் பேச வேண்டிய வேலை. அதில் நம் வீட்டுப் பெண் எங்கே நிற்பாள் என்று அவர்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சட்டம் படிப்பதும், சட்டம் பேசப்படும் இடத்தில் நிற்பதும் தனித்தனி விஷயங்கள். முதலாவதை ஒரு குடும்பம் மனசு வைத்தால் கொடுத்துவிடலாம். இரண்டாவதை அரசாங்கமோ சமுதாயமோதான் தர வேண்டும், அவர்களே பிடுங்கிக்கொள்ளவும் முடியும். இதைப் புரிந்துகொள்ள நான் திரும்பத் திரும்பப் படிக்கும் வாழ்க்கை ஈரான் நாட்டு வழக்கறிஞர் ஷிரின் எபாடியுடையது.

அவர் 1947இல் ஹமதான் நகரில் பிறந்தார். வளர்ந்தது தலைநகர் தெஹ்ரானில். அப்பா வணிகச் சட்டம் தெரிந்தவர், அதைக் கற்பித்தவர். 1965இல் தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். பட்டம் வாங்கிய கையோடு நீதித் துறைத் தேர்வு எழுதி, ஆறு மாதப் பயிற்சி முடித்து, 1969 மார்ச்சில் நீதிபதி ஆனார். அப்போது அவருக்கு வயது 21. அந்த நாட்டின் முதல் பெண் நீதிபதிகளில் ஒருவர். வேலை பார்த்துக்கொண்டே 1971இல் முனைவர் பட்டமும் வாங்கினார். 1975இல் தெஹ்ரான் நகர நீதிமன்றத்தின் 24ஆம் அமர்வுக்குத் தலைவரானார். ஈரானில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

1979இல் மன்னர் ஆட்சி கவிழ்ந்து புரட்சி வந்தது. மன்னர் போக வேண்டும் என்று விரும்பிய லட்சக்கணக்கானவர்களில் எபாடியும் ஒருவர். புரட்சியை வரவேற்ற நீதிபதி அவர். அந்தப் புரட்சி அமைத்த அரசுதான், பெண் நீதிபதியாக இருக்கக் கூடாது என்று சொல்லி, நாட்டின் பெண் நீதிபதிகள் அனைவரையும் அந்தப் பதவியிலிருந்து இறக்கியது. எபாடிக்குக் கொடுத்த வேலை எழுத்தர் வேலை. அதுவும் அவர் தலைமை வகித்த அதே நீதிமன்றத்தில்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பட்டத்தை யாரும் பறிக்கவில்லை. மூளைக்குள் இருந்த சட்டம் அப்படியே இருந்தது. நேற்று வரை இவர் தீர்ப்புச் சொல்லக் காத்துக்கொண்டிருந்தவர்கள் இன்று அதே அறையில், அதே கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்து, இன்னொருவர் மேசையில் வைக்கிறார்கள். இவர் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். பெண் நீதிபதிகள் எல்லோரும் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு, நீதித் துறையில் 'நிபுணர்' என்று ஒரு பெயர் கொடுத்தார்கள். அதில் அதிகாரம் எதுவும் இல்லை. எபாடியால் அதைத் தாங்க முடியவில்லை. முன்கூட்டியே ஓய்வு கேட்டு வெளியே வந்தார்.

சரி, நீதிபதி வேலைதான் போயிற்று, வக்கீலாகவாவது தொழில் செய்யலாமே என்று உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். வழக்கறிஞர் சங்கம் மூடிக் கிடந்தது, உரிமம் தரும் பொறுப்பு அவரை இறக்கிய நீதித் துறையிடமே இருந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 1992இல்தான் அவருக்கு வக்கீல் உரிமம் கிடைத்தது. இடைப்பட்ட வருடங்களில் வீட்டில் இருந்தார், இரண்டு மகள்களை வளர்த்தார், சட்டப் புத்தகங்களும் கட்டுரைகளும் எழுதினார். 32 வயதில் எழுத்தராக்கப்பட்டவர் மறுபடி கோர்ட்டில் வாய் திறக்கும்போது 45 வயது. ஒரு வழக்கறிஞரின் வாழ்க்கையில் தொழில் நன்றாக ஊன்றும் காலம் அதுதான்.

அவர் வீட்டில் இருந்த நேரத்தில் வெளியே சட்டம் மாறிக்கொண்டிருந்தது. 1967இல் கொண்டுவந்து 1975இல் திருத்திய குடும்பப் பாதுகாப்புச் சட்டப்படி, கணவன் மணவிலக்குச் செய்யக் கோர்ட்டுக்கு வர வேண்டும், இரண்டாம் திருமணத்துக்கு அனுமதி வாங்க வேண்டும், பெண்ணின் திருமண வயது 18. புரட்சிக்குப் பிறகு அது ஓரங்கட்டப்பட்டது. பெண்ணின் திருமண வயது ஒன்பதாக இறங்கியது. 2002இல்தான் அதைப் பதின்மூன்றாக உயர்த்தினார்கள். புதிய தண்டனைச் சட்டத்தில் பெண்ணின் உயிருக்கான இழப்பீடு ஆணின் உயிருக்கு உள்ளதில் பாதி. பல வழக்குகளில் சாட்சியமும் அப்படித்தான்.

அந்தச் சமயத்தில் எபாடி வீட்டில் நடந்த ஒரு சிறிய காரியத்தை இங்கே சொல்ல வேண்டும், பின்னால் நம் ஊர் நிக்காஹ் பற்றிப் பேசும்போது இது உதவும். புதிய சட்டத்தால் கணவன் மனைவி என்ற இருவரில் ஒருவர் கை திடீரென்று மேலே போய்விட்டதை அவர் உணர்ந்தார். அவர் கணவர் அவரோடு நோட்டரியிடம் போய், மணவிலக்குக் கேட்கும் உரிமையும் பிள்ளைகளை வைத்துக்கொள்ளும் உரிமையும் மனைவிக்கு உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நாட்டின் சட்டத்தை இரண்டு பேரால் மாற்ற முடியாது. தங்கள் வீட்டுக்குள் அதைச் சமன் செய்ய ஒரு காகிதம் போதுமானதாக இருந்தது.

உரிமம் வந்த பிறகு அவர் எடுத்த வழக்குகளில் இரண்டு எனக்கு மறக்காது. ஒன்று, 1996இல் பலாத்காரம் செய்து கொல்லப்பட்ட பதினொரு வயதுக் கிராமத்துச் சிறுமியின் வழக்கு. குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் இழப்பீட்டுக் கணக்கில் சிறுமியின் உயிர் ஆணின் உயிரைவிடக் குறைவு என்பதால், தண்டனை நிறைவேற வேண்டுமானால் வித்தியாசத் தொகையைச் சிறுமியின் குடும்பமே கட்ட வேண்டும் என்றது சட்டம். மகளைப் பறிகொடுத்தவர்கள் கொலையாளிகளின் உயிருக்குப் பணம் கட்ட வீட்டை விற்க வேண்டி வந்தது. எபாடி கட்டணம் வாங்காமல் அந்த வழக்கை எடுத்தார். அதில் அவரால் வெல்ல முடியவில்லை. ஆனால் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது நாடு முழுக்கத் தெரிந்தது. அதுவரை அது வக்கீல்களுக்கும் மதகுருமார்களுக்கும் மட்டும் தெரிந்த பிரிவு எண்ணாக இருந்தது.

இன்னொன்று அரியன் கோல்ஷானி என்ற ஒன்பது வயதுப் பெண் குழந்தை. பெற்றோர் பிரிந்தபின் சட்டப்படி அப்பாவிடம் ஒப்படைக்கப்பட்டவள், அந்த வீட்டில் சித்திரவதைப்பட்டு 1997இல் இறந்தாள். அம்மா கெஞ்சிக் கேட்டும் கோர்ட் குழந்தையைத் திருப்பித் தரவில்லை. அப்போதைய சட்டப்படி ஆண் குழந்தை இரண்டு வயது வரை, பெண் குழந்தை ஏழு வயது வரைதான் அம்மாவிடம் இருக்கலாம். எபாடி இந்த வழக்கைக் கோர்ட்டுக்குள் நடத்தினார், வெளியேயும் நடத்தினார். மசூதியில் அந்தக் குழந்தைக்கு நினைவுக் கூட்டம் வைத்து மக்களைத் திரட்டினார். பெற்றவர் தகுதியற்றவர் என்றால் குழந்தையை அவரிடமிருந்து கோர்ட் எடுத்துவிடலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. 2003இல் ஆணோ பெண்ணோ ஏழு வயது வரை அம்மாவிடம் என்று இன்னொரு திருத்தமும் வந்தது.

அதற்கு அவர் கொடுத்த விலையும் பெரியது. 1998இல் எதிர்க்கருத்துக் கொண்ட எழுத்தாளர்களும் அரசியல்வாதிகளும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒரு தம்பதியின் குடும்பத்துக்காக ஆஜரான எபாடி, அரசுக் கோப்புகளைப் படித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்துக் கொல்லப்பட வேண்டியவர்கள் வரிசையில் தன் பெயரைப் பார்த்தார். 2000இல் கைதாகிச் சில வாரங்கள் சிறையில் இருந்தார். 2003இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. முஸ்லிம் பெண்களில் அதைப் பெற்ற முதல் ஆள் அவர்தான். 2008 டிசம்பரில் அவருடைய மனித உரிமை மையத்தை மூடினார்கள். 2009இலிருந்து நாட்டுக்கு வெளியே வாழ்கிறார்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

எபாடியைப் பற்றிப் பேசினால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலர், "அவங்க அரசாங்கம் மார்க்கப்படிதானே செஞ்சது, பெண் காஜி ஆக முடியாதுல்ல?" என்று கேட்பார்கள். காஜி என்றால் மார்க்கச் சட்டப்படி தீர்ப்புச் சொல்பவர். இது அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி, அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும்.

ஈரான் ஷியா நாடு. அங்குள்ள பெரும்பாலான ஷியா சட்ட அறிஞர்கள் நீதிபதி ஆணாக இருக்க வேண்டும் என்கிறார்கள். சுன்னத் ஜமாஅத்தில், அதாவது சுன்னி பிரிவில், ஷாஃபி, மாலிகி, ஹன்பலி என்ற சட்ட வழிகளிலும் பெரும்பான்மைக் கருத்து அதுவே. ஆனால் கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்து உருது பேசும் முஸ்லிம்கள் பெரும்பாலும் சுன்னிகளின் நான்காவது வழியான ஹனஃபியைச் சேர்ந்தவர்கள். ஹனஃபி வழியின் இமாம் அபூ ஹனீஃபாவின் கருத்து, எந்தெந்த விஷயங்களில் பெண்ணின் சாட்சியம் செல்லுமோ அந்த விஷயங்களில் பெண் நீதிபதியாகவும் இருக்கலாம் என்பது. கடும் தண்டனைக் குற்றங்கள்தான் விதிவிலக்கு. சொத்தும் குடும்ப வழக்கும் இதற்குள் வரும். தபரி என்ற பெரிய அறிஞர் எல்லா வழக்குகளிலுமே ஆகும் என்றார். தபரி வாழ்ந்த பாக்தாத்திலேயே, 918ஆம் ஆண்டில், கலீஃபா முக்ததிரின் தாயார் தன் அரண்மனை நிர்வாகியான துமல் என்ற பெண்ணை, மக்களின் முறையீடுகளைக் கேட்கும் மன்றத்தில் உட்காரவைத்தார். காஜிகளும் அறிஞர்களும் அங்கே வந்து அமர்ந்தார்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய சங்கதி இது. இன்னும் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று யோசித்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பக்கத்து நாடு பாகிஸ்தானைப் பாருங்கள். ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சி, இஸ்லாமியச் சட்டத்தைக் கொண்டுவருகிறோம் என்று சொல்லிப் பெண்களுக்கு எதிரான கடும் சட்டங்களைப் போட்ட காலம். 1983 பிப்ரவரி 12இல் புதிய சாட்சியச் சட்டத்தை எதிர்த்து லாகூரில் ஊர்வலம் போன பெண்கள் அடிபட்டார்கள். அதற்கு மூன்று வருடத்துக்கு முன்புதான் அஸ்மா ஜஹாங்கீரும் அவர் தங்கை ஹினா ஜிலானியும் லாகூரில் பெண்களே நடத்தும் வழக்கறிஞர் அலுவலகத்தைத் தொடங்கியிருந்தார்கள். அதே ஆட்சியில், பெண்கள் நீதிபதியாக இருப்பது இஸ்லாத்துக்கு எதிரானது என்று ஒருவர் வழக்குப் போட்டார். விசாரித்தது ஷரீஅத் நீதிமன்றமே. எதிரானது அல்ல என்று தீர்ப்பு வந்தது. 2013 கடைசியில் அதே ஷரீஅத் நீதிமன்றத்தில் ஒரு பெண் நீதிபதி பதவியேற்றார். 2022இல் ஆயிஷா மாலிக் அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஆனார்.

அப்புறம் நம் பக்கம். எபாடி தெஹ்ரான் நீதிமன்றத்தின் தலைமைக்கு வந்தது 1975இல். அதற்கு ஒரு வருடம் முன்பு, 1974இல், கேரளத்தில் பாத்திமா பீவி மாவட்ட நீதிபதியாகியிருந்தார். பத்தனம்திட்டையில் 1927இல் பிறந்தவர். அவருடைய தந்தை மீரா சாகிப், நாட்டின் முதல் பெண் நீதிபதியான அன்னா சாண்டியைப் பார்த்து, மகளைச் சட்டம் படிக்கத் தூண்டினார். 1950 நவம்பரில் பாத்திமா பீவி வழக்கறிஞராகப் பதிவு செய்தார். 1958இல் முன்சீப். 1983இல் உயர் நீதிமன்றம். 1989 அக்டோபர் 6இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. எங்கள் வயதுக்காரர்களுக்கு அவரை 1997 முதல் 2001 வரை தமிழ்நாட்டு ஆளுநராகத்தான் தெரியும். ஆளுநராக எடுத்த முடிவுகளுக்காக அவர்மீது கடும் விமர்சனம் உண்டு, அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். 2023இல் இறந்தார். ஒரே காலத்தில் இரண்டு முஸ்லிம் பெண்கள் நீதிபதி நாற்காலியில் இருந்தார்கள். ஒருவரை உச்ச நீதிமன்றம் வரை ஒரு நாட்டின் அரசமைப்பு ஏற்றியது. மற்றவரை எழுத்தர் மேசைக்கு இறக்கியது ஓர் அரசின் ஆணை. இருவரும் ஓதிய குர்ஆன் ஒன்றுதான்.

சவுதி அரேபியாவையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், நம் ஊரிலிருந்து வேலைக்குப் போனவர்கள் அதிகம் என்பதால். அங்கே பெண்கள் சட்டம் படித்து வருடக்கணக்காகப் பட்டத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்; வாதாட உரிமம் கிடையாது. 2013 அக்டோபரில் முதல்முறையாக நான்கு பெண்களுக்கு உரிமம் வந்தது. அவர்களில் ஒருவரான பயான் அல் ஸஹ்ரான் 2014 தொடக்கத்தில் ஜித்தாவில் அலுவலகம் திறந்தார்.

ஜமாஅத் அறைக்கு வெளியே

இந்தியாவில் முஸ்லிம் பெண் வக்கீலாக எந்தச் சட்டமும் தடை போடவில்லை. 1923இலேயே பெண்கள் வக்கீல் தொழில் செய்வதற்கான தடையை நீக்கிச் சட்டம் வந்துவிட்டது. அப்படியானால் எபாடியின் கதைக்கும் பழையபேட்டைக்கும் என்ன தொடர்பு? எங்களில் பெரும்பாலான குடும்ப வழக்குகள் கோர்ட்டுக்குப் போவதே இல்லை. அவை ஜமாஅத்துக்குப் போகின்றன.

ஜமாஅத் என்றால் ஒரு பள்ளிவாசலைச் சேர்ந்த குடும்பங்களின் அமைப்பு. பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி, செயலாளர், பெரியவர்கள் சிலர். கல்யாணத்துக்குக் கடிதம் கொடுப்பது, நிக்காஹ் பதிவேடு வைப்பது, மையத்து அடக்கம், புருஷன் பெண்டாட்டி தகராறு என்று எல்லாம் அங்கேதான். ஏழைப் பெண்ணுக்குச் செலவில்லாமல் பேசித் தீர்த்து வைப்பதும் உண்டு, நல்லது செய்த ஜமாஅத்துகளை நானே பார்த்திருக்கிறேன். குறை எங்கே என்றால், பேச்சு நடக்கும் அறையில் பெரும்பாலான ஊர்களில் பெண் உட்கார முடியாது. அவள் பக்கத்தை அப்பா சொல்வார், அண்ணன் சொல்வார், மாமு சொல்வார்.

1994இல் எங்கள் காலா, அதாவது என் அம்மாவின் தங்கை, அப்படி ஓர் அறைக்கு வெளியே காத்திருந்தார். நான் சின்னப் பெண், கூட உட்கார்ந்திருந்தேன். அவர் கணவர் மூன்று வருடமாக எங்கே இருக்கிறார் என்றே தெரியாது. ஒரு ரூபாய் அனுப்பவில்லை. உள்ளே நானா, அதாவது காலாவின் அப்பா பேசினார், மாமு பேசினார். எங்களுக்குக் குரல்தான் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. காலா சொல்ல விரும்பியதில் பாதியை நானாவிடம்கூடச் சொல்லவில்லை, சொல்லக்கூடிய விஷயங்கள் இல்லை அவை. ஒரு பெண் உள்ளே இருந்திருந்தால் சொல்லியிருப்பார். முடிவில், ஆள் உயிரோடு இருக்கலாம், பொறுத்திரு என்று சொல்லி அனுப்பினார்கள். 1997இல் தபாலில் தலாக் வந்தது. அதுவரை காலா பொறுத்திருந்தார்.

பொறுத்திரு என்ற அந்தப் பதிலுக்குப் பின்னால் பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. காணாமல் போன கணவன் விஷயத்தில் ஹனஃபி நூல்களின் பழைய விதி மிகக் கடுமையானது. அவன் வயதொத்தவர்கள் எல்லாம் இறந்துபோகிற காலம் வரை, பொதுவாக அவனுக்குத் தொண்ணூறு வயது ஆகும்வரை, மனைவி காத்திருக்க வேண்டும். ஜீவனாம்சம் தராத கணவனிடமிருந்து விடுபடவும் அதில் வழி குறைவு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வட இந்தியாவில் இதில் சிக்கிய சில பெண்கள், மதம் மாறினால் நிக்காஹ் முறிந்துவிடும் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு, விடுதலைக்காகவே மதம் மாறினார்கள். மார்க்க அறிஞர்களான உலமாக்கள் அதிர்ந்துபோனார்கள். மௌலானா அஷ்ரஃப் அலி தானவி 1930களின் தொடக்கத்தில் ஒரு நீண்ட ஃபத்வா, அதாவது மார்க்கத் தீர்ப்புரை, எழுதினார். ஹனஃபி வழியில் கதவு இல்லாத இடத்தில் மாலிகி வழியின் விதியை எடுத்துக்கொள்ளலாம் என்றார். மாலிகி வழியில் காணாமல் போன கணவனுக்காகக் காத்திருக்க வேண்டியது நான்கு வருடம்தான்.

அதிலிருந்து பிறந்ததுதான் 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். கணவன் நான்கு வருடம் காணாமல் போனாலோ, இரண்டு வருடம் பராமரிக்காமல் விட்டாலோ, காரணமில்லாமல் மூன்று வருடம் தாம்பத்தியக் கடமைகளைச் செய்யாவிட்டாலோ, கொடுமை செய்தாலோ, மனைவி கோர்ட்டுக்குப் போய் மணவிலக்குக் கேட்கலாம். இன்னும் சில காரணங்களும் உண்டு. இதைக் கேட்டு வாங்கியவர்களில் மார்க்கம் படித்த ஆலிம்கள் முன்னால் நின்றார்கள் என்பதை எங்கள் பெண்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். கோர்ட்டுக்குப் போவது மார்க்கத்தை விட்டு வெளியே போவது என்ற பயம் அவர்களிடம் நிறைய இருக்கிறது.

அண்மைக் காலத்தில் சட்டம் இன்னும் தெளிவாகியிருக்கிறது. தமிழ்நாட்டு வக்ஃப் வாரியத் தலைவராகவும் திருவல்லிக்கேணி எம்.எல்.ஏ.வாகவும் இருந்த வழக்கறிஞர் பதர் சயீத் போட்ட பொதுநல வழக்கில், காஜி தரும் தலாக் சான்றிதழ் ஒரு கருத்து மட்டுமே, அதைக் கோர்ட்டிலும் அரசு அலுவலகங்களிலும் சட்டச் சான்றாக ஏற்கக் கூடாது என்று 2017 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. 2023 பிப்ரவரியில் அதே நீதிமன்றம், பெண் குலா, அதாவது மனைவி தானே கேட்டு வாங்கும் மணவிலக்கு, கேட்டுப் பிரிய உரிமை உண்டு, ஆனால் அதற்கு அவள் குடும்ப நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது என்றது. 2024 ஜூலை 10இல் உச்ச நீதிமன்றம், தலாக் ஆன முஸ்லிம் பெண்ணும் எல்லாப் பெண்களையும்போல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் அது 144ஆம் பிரிவு.

இவையெல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. காகிதத்திலிருந்து ஒரு பெண்ணின் காதுக்குப் போக யாராவது வேண்டும். எபாடியின் நோட்டரி காகிதத்தை இங்கே நினைவுபடுத்துகிறேன். ஹனஃபி வழியிலேயே அதற்கு இடம் உண்டு. கணவன் தன் தலாக் உரிமையை, குறிப்பிட்ட நிபந்தனைகளோடு, மனைவிக்கு ஒப்படைக்கலாம், தஃப்வீஸ் என்பார்கள். திருமண ஒப்பந்தமான நிக்காஹ் நாமாவில் ஒரு வரி எழுதினால் போதும். இந்தியக் கோர்ட்டுகளும் இதை ஏற்றிருக்கின்றன. பங்களாதேஷில் அரசு அச்சடித்துத் தரும் திருமணப் படிவத்திலேயே இதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. எங்கள் ஊரில் நான் போன கல்யாணங்களில் மணமகன் தரும் மஹர் எவ்வளவு என்று எழுதுவார்கள், பெண்ணின் பொறுப்பாளரான வலீ பெயர், சாட்சிகள் பெயர் எழுதுவார்கள். இந்த வரியை எழுதி நான் பார்த்ததில்லை. மணப்பெண் தரப்பில் அது தெரிந்த ஒருவர், கேட்கத் துணிந்த ஒருவர் இருந்தால்தானே எழுதுவார்கள்.

வெறும் படிப்போடு நின்றுபோகும் ஆபத்து இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் முழுமையாகாது. வக்கீல் தொழிலைக் கற்றுக்கொள்வது கல்லூரியில் பாதி, சீனியரின் ஆபீசில் பாதி. சீனியர் ஆபீஸ் சுறுசுறுப்பாவது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். கட்சிக்காரர்கள் அப்போதுதான் வருவார்கள், கட்டுகளைப் பிரித்து நாளைய வாதத்தைத் தயார் செய்வது அப்போதுதான். எங்கள் வீடுகளில் பெண்பிள்ளை மக்ரிப் பாங்குக்குள், அதாவது சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை அழைப்புக்குள், வீடு வந்து சேர வேண்டும். இந்த ஒரு மணிக் கணக்கு எத்தனை பட்டங்களை அலமாரியில் பூட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். சம்பளமும் சிக்கல். ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பெருநகரங்களுக்கு வெளியே மாதம் 15,000 ரூபாய். அது கையில் கிடைத்தால் வீட்டில் பேசும் தொனியே மாறும். பெண் வழக்கறிஞரிடம் ஜூனியராகச் சேரலாம், இரவு எட்டு மணிக்கு அப்பாவோ அண்ணனோ வண்டியில் போய்க் கூட்டிவரலாம். மருத்துவமனை நைட் டூட்டிக்குப் பெண்களை அனுப்பப் பழகியவர்கள்தானே நாம்.

ஜமாஅத் அறையிலும் நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. மணவிலக்கு, பராமரிப்பு, குழந்தை யாரிடம் என்ற விஷயங்கள் வரும்போது, சட்டம் தெரிந்த ஒரு பெண் அங்கே உட்கார்ந்து, சம்பந்தப்பட்ட பெண்ணிடம் தனியாகப் பேசி, அவள் வார்த்தையை அவள் வார்த்தையாகவே உள்ளே சொல்ல வேண்டும். காலா போன்றவர்கள் தங்கள் தகப்பனிடம் சொல்ல முடியாததை அவளிடம் சொல்வார்கள். புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் இருபது வருடத்துக்கு முன்பே பெண்களுக்கென்று தனி ஜமாஅத் நடத்திக் காட்டியிருக்கிறார். தனியாக நடத்த வேண்டிய நிலை வந்ததே என்பது எனக்கு வருத்தம், ஆனாலும் அங்கே வந்து குவிந்த மனுக்கள் தேவை எவ்வளவு என்பதைக் காட்டின.

போன ரமளானில் ஒருநாள் நோன்பு திறந்த பிறகு, அக்கா மகள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். காலாவும் பக்கத்தில் இருந்தார். இப்போது அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. என்ன படிக்கிறாய் என்று கேட்டார். அவள் 1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவை வாசித்து, வரி வரியாக உருதுவில் சொன்னாள். இரண்டு வருடம் பராமரிக்காவிட்டால் என்ற வரி வந்ததும் காலா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது எந்த வருஷம் வந்த சட்டம்?"

"1939, நானிமா."

காலா விரல் விட்டு எண்ணினார். அவர் பிறப்பதற்கு முன்பே வந்த சட்டம். அந்த அறைக்கு வெளியே காத்திருந்த அன்றைக்கு அதற்கு 55 வயது.

"அன்னைக்கு உள்ளே இருந்தவங்க யாருக்குமே தெரியாதா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அக்கா மகள் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்து, அந்த வரியின்மேல் விரலை வைத்து, இன்னொரு முறை முதலிலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள்.